ஒன்றரை வயசு பாப்பா 7.6 கிலோதான், ஒல்லி வாகுன்னு விட்டுடலாமா?

மலையடிவாரம்
எங்க அக்கா பொண்ணுக்கு ஒன்றரை வயசு. அங்கன்வாடில எடை போட்டப்ப 7.6 கிலோ, டீச்சர் அட்டையில மஞ்சள்ல இருக்குன்னு காமிச்சிருக்காங்க. அக்கா மாமியார் எங்க வீட்டு ஆளுங்களே ஒல்லி வாகுதான் தானா தேறிடும்ங்கறாங்க. அக்காவும் மாமாவும் செங்கல் சூளைக்கு விடியக்காலைல போயிடுவாங்க, பாப்பா பாட்டிகிட்ட. காலைல டீயில பிஸ்கட், மத்தியானம் ரசஞ்சோறு கரைச்சு, சாயந்தரம் மறுபடி டீ பிஸ்கட், தாய்ப்பால் ராத்திரி மட்டும். அடிக்கடி வயித்தால வேற போகுது. கடைல விக்கிற டப்பா பவுடர் வாங்கலாமா? திருவண்ணாமலை பக்கம் கிராமம்.

பழைய_டீச்சர்
டப்பா வேணாம்மா, அந்த காசுக்கு முட்டை வாங்குங்க. அங்கன்வாடில குடுக்கற சத்துமாவு என்னாச்சு? கோதுமை, முளைகட்டின கேழ்வரகு, கடலை, வெல்லம் எல்லாம் இருக்கு அதுல. பாதி வீட்ல அது மாட்டுத் தொட்டிக்குப் போறத நானே பாத்திருக்கேன், கேட்டா பிள்ளை திங்கலன்னு சொல்லுவாங்க.

சிஸ்டர்_ஆர்
கிராம செவிலியரா இருக்கேன். ஒன்றரை வயசு பொண்ணுக்கு நடு எடை 10.2 கிலோ, 8.1க்கு கீழ போனா எடை குறைவு, 7.2க்கு கீழ போனா கடுமையான குறைவு, உங்க பாப்பா ரெண்டுக்கும் நடுவுல நிக்குது. ஒல்லி வாகுங்கற பேச்சை விடுங்க. அங்கன்வாடி அட்டைல இருக்கற சார்ட் உலக சுகாதார நிறுவனம் 2006ல வெளியிட்டது, 6 நாட்டுப் பிள்ளைங்கள அளந்து போட்டது, அதுல டெல்லி பிள்ளைங்களும் உண்டு, வெள்ளைக்கார கணக்கு இல்ல.

அவ வயித்துல ஒரு வேளைக்கு ஒரு டம்ளருக்கு மேல புடிக்காது. அதையும் ரசத்தாலயும் டீயாலயும் ரொப்பிட்டா சத்து எங்க போயி சேரும்? டீ வேற சாப்பாட்டுல இருக்கற இரும்புச்சத்த உடம்புல ஏறவிடாது. சோத்துல பருப்ப கெட்டியா மசிச்சு ஒரு ஸ்பூன் எண்ணெயோ நெய்யோ விட்டு, 3, 4 வேளை, நடுவுல வாழைப்பழம் வேர்க்கடலை உருண்டை (கடலைய நல்லா பொடிச்சு செய்யுங்க, முழுசா குடுத்தா தொண்டைல மாட்டும்). தாய்ப்பால் 2 வயசு வரைக்கும் தொடரட்டும்.

வயித்தால போறதுதான் எடைய அரிக்குது. போற அன்னிக்கே ஓஆர்எஸ் (உப்பு சர்க்கரை கரைசல்), கூட ஜிங்க் மாத்திரை, பேதி நின்னாலும் ஜிங்க 14 நாள் முழுசா குடுக்கணும். சாப்பாட்ட நிறுத்தவே கூடாது. துணை சுகாதார நிலையத்துல மேல்கை சுத்தளவ டேப் வச்சு பாக்கச் சொல்லுங்க, 12.5 செமீக்கு கீழ இருந்தா மெலிவு, 11.5க்கு கீழ போனாலோ பாதம் வீங்கினாலோ தள்ளிப்போடாம ஆஸ்பத்திரி.

சூளைக்காரன்
எல்லாம் சரிதான் சிஸ்டர், ஆனா 4 வேளை யாரு ஊட்டறது? அந்தப் பாட்டிக்கே காலைல டீதான் சாப்பாடா இருக்கும், அவங்கள குத்தம் சொல்லி பிரயோஜனம் இல்ல. சீசன்ல குடும்பமே சூளைல தங்கிடுது, அங்கன்வாடி பேரு ஊர்ல, பிள்ளை வேற மாவட்டத்துல. 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்புல நம்ம தமிழ்நாட்டுலயே 5 வயசுக்குள்ள 100க்கு 22 பிள்ளை எடை கம்மி, இத்தனைக்கும் சத்துணவுல நம்மள மிஞ்ச ஆளில்லன்னு பேசிக்கறோம்.

மலையடிவாரம்
அக்கா சூளைக்கு தினம் போயிட்டு வர்றதுதான், அதனால அங்கன்வாடி விட்டுப்போகல. சத்துமாவு வீட்ல ரெண்டு பாக்கெட் இருக்காம், கஞ்சியா காச்சினா பாப்பா துப்பிடறாளாம் 😔

பழைய_டீச்சர்
கஞ்சி வேணாம். வெந்நீர் தெளிச்சு பிசைஞ்சு கொழுக்கட்டையா புடிச்சு ஆவில வேக வைங்க, இல்லன்னா எண்ணெய் விட்டு குட்டி அடையா சுடுங்க. அவளே கைல புடிச்சு திம்பா, பாட்டி பக்கத்துல உக்காந்து பாத்துகிட்டா போதும். காலைல அக்கா கெளம்பறதுக்கு முன்னாடி சுட்டு வச்சிட்டா மத்தியானம் வரைக்கும் வரும். பால்வாடிக்கு கொண்டுவிட முடியுமான்னும் டீச்சர்கிட்ட கேளுங்க, 2 வயசு முடிஞ்சா அங்கயே சோறு, வாரம் 3 முட்டை.

மலையடிவாரம்
சரிங்கக்கா, நாளைக்கு அடை சுட சொல்றேன். டேப் அளவு பாத்துட்டு வந்து இங்கயே போடறேன்.