புதுப்பிப்பு: முதல் குத்துச்சண்டை உடற்பயிற்சி வகுப்பும் மணிக்கட்டு வலியும்

தஞ்சாவூரில் குத்துச்சண்டை உடற்பயிற்சி வகுப்பில் சேரப்போகிறேன், வயது 41, மணிக்கட்டு அடிக்கடி வலிக்கும், என்ன செய்யலாம் என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. நாலு வகுப்பு முடிந்தது. மணிக்கட்டு வலி இல்லை.

"கிளவுஸ் அங்கேயே இருக்கும், கையில் சுற்றும் துணிப்பட்டையை மட்டும் சொந்தமாக வாங்குங்க, 180 அங்குலம்" என்று சொன்ன அக்காவின் யோசனைதான் கைகொடுத்தது. பட்டையின் நுனியில் இருக்கும் வளையத்தைக் கட்டைவிரலில் மாட்டி, மணிக்கட்டில் மூன்று சுற்று, விரல் முட்டிகளின் மேல் மூன்று சுற்று, விரலிடுக்குகள் வழியாக விட்டு மறுபடி மணிக்கட்டில் முடிக்க வேண்டும். முதல் நாள் இறுக்கிக் கட்டிவிட்டேன், விரல் நுனியெல்லாம் மரத்துப்போனது. மாஸ்டர் அவிழ்த்து, விரல்களை நன்றாக விரிக்கச் சொல்லிக் கட்டிவிட்டார். அப்புறம் தொங்கவிட்டிருக்கும் குத்துப் பையைக் குத்தும்போது ஆள்காட்டி விரல், நடுவிரல் முட்டிகள்தான் பட வேண்டும், மணிக்கட்டு மடங்கக் கூடாது என்றார். இதுவும் சேர்ந்துதான் வலியைத் தடுத்தது என்று நினைக்கிறேன்.

வகுப்பில் 3 நிமிடம் குத்து, 1 நிமிடம் ஓய்வு என்று மாறி மாறி வரும். வகுப்புக்கு ஒரு மணி நேரம் முன்னால் இரண்டு பூவன்பழம் போதுமாக இருந்தது.

எதிர்பார்க்காதது கெண்டைக்கால் வலி! குதிகாலைத் தூக்கியே நிற்பதால், மறுநாளை விட அதற்கடுத்த நாள் மாடிப்படி இறங்குவது பெரும்பாடாகிவிட்டது. நாலாம் நாள் சரியாகிவிட்டது.

நம்மூர் ஐப்பசி ஈரத்தில் துணிப்பட்டையைப் பையிலேயே சுருட்டி வைக்காதீர்கள். அன்றே அலசி மின்விசிறிக்குக் கீழே காயப் போடுங்கள்.