மயோனைஸ் எங்கே என்று கேட்ட அம்மா

11 வருடம் கணக்கு எழுதிய வேலையை விட்டுவிட்டுப் புத்தக பைண்டிங் கற்றுக்கொள்ளப் போனவன் நான். வேலையை விட்ட மூன்றாவது வாரமே ஒரு நண்பர் வீட்டில் மதிய விருந்து. நல்ல வெயில் காலம், ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவர வேண்டும். என் பங்குக்கு வந்தது பாஸ்தா சாலட்.

சாலட்டைவிட, "இப்போ என்ன பண்றீங்க?" என்ற கேள்விதான் என்னை அதிகம் படுத்தியது. அந்தக் கூட்டத்தில் பாஸ்தா சாலட் என்றால் மயோனைஸ்தான். நானும் வருடக்கணக்கில் அப்படியே செய்து கொடுத்திருக்கிறேன். எனக்கு மயோனைஸ் பிடிக்காது என்பதை யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. இந்த முறை ஆலிவ் எண்ணெய், வினிகர், தக்காளி, பேசில் இலை போதும் என்று முடிவு செய்துவிட்டேன்.

முதல் சட்டி சொதப்பல். பாக்கெட்டில் போட்டிருந்த நிமிடக் கணக்குப்படி, கடித்தால் நடுவில் லேசாக விறைப்பு நிற்கும் பதத்தில் இறக்கினேன். எல்லாவற்றையும் கலந்து ராத்திரியே ஃபிரிட்ஜில் வைத்தேன். காலையில் எடுத்துப் பார்த்தால் ஒவ்வொரு ஃபுசில்லியும் (திருகு வடிவப் பாஸ்தா) ரப்பர். எண்ணெயும் வினிகரும் போன இடம் தெரியவில்லை. உப்பு போட்டேனா என்றே சந்தேகம் வந்தது. வெந்த மாவுச்சத்து குளிரில் இறுகிவிடும், ஊற்றியதைப் பாஸ்தா குடித்துவிடும், சில்லென்று சாப்பிடும்போது உப்பும் புளிப்பும் நாக்குக்குக் குறைவாகவே எட்டும். மூன்றையும் அன்று காலை ஆறு மணிக்குக் கற்றுக்கொண்டேன்.

இரண்டாவது சட்டி: 400 கிராம் பாஸ்தா, 4 லிட்டர் தண்ணீர், 40 கிராம் உப்பு. பாக்கெட்டில் 10 நிமிடம், நான் 12 வைத்தேன். வடித்து, பச்சைத் தண்ணீரில் ஒரு அலசு, நன்றாக உதறி ஒரு கரண்டி எண்ணெய். அரைக் கிலோ சின்னத் தக்காளியை இரண்டிரண்டாக வெட்டி, உப்புத் தூவி, கிண்ணத்தின் மேல் சல்லடையில் 20 நிமிடம் விட்டேன். அடியில் இளஞ்சிவப்பாகச் சாறு இறங்கியிருந்தது. விரலால் தொட்டு நக்கிப் பார்த்தேன். வடிந்ததே என்று கொட்டியிருந்தால் தக்காளியின் பாதி ருசியைக் கொட்டியிருப்பேன். அந்தச் சாற்றோடு 6 மேசைக்கரண்டி எண்ணெய், 3 வினிகர், அரை டீஸ்பூன் மஸ்டர்ட் சாஸ் சேர்த்து அடித்தேன். எண்ணெயும் புளிப்பும் பிரியாமல் இருக்கத்தான் மஸ்டர்ட். பாதியை உடனே ஊற்றி, மீதியை ஒரு பாட்டிலில் கையோடு எடுத்துப் போனேன். பரிமாறும் நேரத்தில் அதையும் ஊற்றிக் கிளறி, மோஸரெல்லா சீஸையும் பேசிலையும் கையாலேயே பிய்த்துப் போட்டேன்.

மேசைக்கு அருகில் எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா. ஒரு கரண்டி எடுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்: "மயோனைஸ் மறந்துட்டீங்களா தம்பி?"

"இல்லம்மா, போடலை."

"ஏன்?"

"எனக்குப் பிடிக்காது."

இதைச் சொல்ல எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது, பாருங்கள். அவர் இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டு, "தக்காளியை என்ன பண்ணீங்க?" என்றார். சொன்னேன். அதற்குள் பக்கத்தில் இருந்தவர் நான் பயந்த கேள்வியைக் கேட்டே விட்டார். பைண்டிங் என்றேன். "ஓ, பொழுதுபோக்கா?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மா, "வேலைன்னுதானே சொல்றார்" என்றார், தட்டில் இருந்து தலையைத் தூக்காமலே. அப்புறம் என் பக்கம் திரும்பி, "ஒரு பழைய நோட்டு இருக்கு, தையல் விட்டுப்போச்சு. பார்ப்பீங்களா?" என்று கேட்டார்.

உங்களுக்கும் இப்படி யாராவது வாய்த்திருந்தால் எழுதுங்கள். சாலட்டில் குறை இருந்தாலும் சொல்லுங்கள்.

*

பாஸ்தாவை அலசியதாக எழுதியிருக்கிறீர்கள். நான் சமையல் கூடத்தில் உதவியாளாகச் சேர்ந்த முதல் வாரம், சூடான சாஸில் புரட்ட வேண்டிய பாஸ்தாவைக் குழாயடியில் பிடித்துவிட்டேன். தலைமைச் சமையல்காரர் திட்டவில்லை. ஒரு துண்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, "வழவழன்னு இருக்கா? சாஸ் எதைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும்?" என்று மட்டும் கேட்டார். மேலே படிந்திருக்கும் மாவுதான் சாஸைப் பிடிக்கும். சாலட்டில் அதே மாவு கட்டியாக ஒட்டிக்கொள்ளும் என்பதால் அலசுவது தப்பில்லை. அவர் சாலட்டுக்கும் அலச மாட்டார். பெரிய தட்டில் பரப்பி எண்ணெய் புரட்டி ஆறவிடுவார். இரண்டும் செய்து பார்த்து, கடைசியில் நானும் தட்டுக்கே வந்துவிட்டேன். அவரிடம் மட்டும் சொல்லவில்லை.

*

நான் மயோனைஸ் கட்சி. மாறுவதாக இல்லை.

ஆனால் ஒன்று. வெளியில் வைத்துச் சாப்பிடும்போது எல்லோரும் மயோனைஸ்மேல் பழி போடுவார்கள். கடையில் வாங்குகிற மயோனைஸ் புளிப்பானது, அதில் கிருமி அவ்வளவு சீக்கிரம் வளராது. வெந்த பாஸ்தாவும் வெட்டிய காயும் வெளியில் கிடப்பதுதான் வம்பு. எண்ணெய், வினிகர் சாலட்டுக்கும் அதே கணக்குதான்: இரண்டு மணி நேரம், வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம். அதற்குமேல் வெளியில் கிடந்ததை வீட்டுக்குத் தூக்கி வராதீர்கள்.

*

எனக்கு வாய்த்தவர் ஒரு சமையல் வகுப்பில் பக்கத்து மேசைக்காரர். வீட்டில் எல்லோரும் மேற்படிப்புக்கு விண்ணப்பம் போடச் சொல்லிக்கொண்டிருந்த நேரம். படிவத்தைப் பையில் வைத்துக்கொண்டேதான் வகுப்புக்குப் போய்வந்தேன். அன்றைக்குப் பாஸ்தா வேகும் பானையிலேயே கடைசி மூன்று நிமிடம் பச்சை பீன்ஸைப் போட்டு, சேர்த்து வடித்து, உடனே எலுமிச்சையைப் பிழிந்துவிட்டேன். அரை மணி நேரத்தில் பீன்ஸ் காக்கி நிறமாகிவிட்டது. எனக்கு அழுகையே வந்தது. பீன்ஸுக்காக இல்லை என்று இப்போது தெரிகிறது.

அவர் எட்டிப் பார்த்து, "புளிப்பு பட்டா பச்சை போயிடும். கடைசியில பிழியணும்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, தான் மூன்று வருடம் மருத்துவம் படித்துவிட்டுப் பாதியில் நிறுத்தியவர் என்றார். வருத்தமில்லையா என்று கேட்டேன். "செவ்வாய்க்கிழமைகள்ல மட்டும்" என்றார். ஏன் செவ்வாய் என்று கேட்பதற்குள் வகுப்பு முடிந்துவிட்டது. இன்றுவரை தெரியாது.

படிவத்தை நான் அனுப்பவில்லை. சரியா தப்பா என்று இன்னும் பிடிபடவில்லை. பீன்ஸ் மட்டும் பச்சையாகவே இருக்கிறது.

*

எல்லாவற்றையும் படித்தேன். அடுத்த முறை தட்டில் பரப்பிப் பார்க்கிறேன். மயோனைஸ் கட்சிக்காரருக்கு ஒரு தகவல்: அந்த அம்மாவின் நோட்டு இப்போது என் மேசைமேல்தான் இருக்கிறது. பழைய பசையைச் சுரண்டி, மடிப்பு மடிப்பாகப் பிரித்துத் தைத்து முடித்தேன். முழுக்கச் சமையல் குறிப்புகள். தைக்கும்போது பாஸ்தா சாலட் பக்கம் கண்ணில் பட்டது. 'மயோனைஸ் 1 கப்' என்று எழுதி, கீழே இரண்டு கோடு.

நேற்றுப் போனில் அந்த அம்மாவிடம் அதைச் சொன்னேன். "அது அப்படித்தான்" என்றார். பிறகு, தக்காளிக்கு 20 நிமிடமா 30 நிமிடமா என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். நோட்டின் முதுகுக்குப் பசை போட்டு, மேலே இரண்டு செங்கல்லை ஏற்றி வைத்திருக்கிறேன். நாளைக்குக் காய்ந்துவிடும்.