பழைய வண்டி வாங்கப் போனப்ப சேசிஸ் நம்பர் (வண்டி ஃப்ரேமில் குத்தியிருக்கும் நம்பர்) பார்த்தீங்களா? உங்க அனுபவம் சொல்லுங்க

திருப்பூர்க்காரன்:
போன மாசம் பெருந்துறைப் பக்கம் பழைய வண்டி விக்கிற ஒரு கன்சல்டிங்கில் ஸ்ப்ளெண்டர் பார்க்கப் போனோம். "2018 வண்டிங்க, ஒரே ஓனர்"னு ஆர்சி கார்டில் பதிவுத் தேதி மேல விரலை வெச்சுக் காட்டினார். கூட வந்த மெக்கானிக் அண்ணா கார்டைத் தொடவே இல்லை. ஹேண்டில்பாரை இடது பக்கம் ஒடிச்சு, வலது பக்கமா ஃப்ரேமோட கழுத்துக்கிட்ட குனிஞ்சார். கேபிளுக்குப் பின்னாடி ஒரே செம்மண்ணும் கிரீஸும். பனியன் வேஸ்ட்டைப் பெட்ரோலில் நனைச்சுத் துடைச்சார் (நம்ம ஊரில் அதுக்கா பஞ்சம்!). வெள்ளைத் தாளை ஒட்ட வெச்சு, பென்சிலைப் படுக்கப் போட்டுத் தேய்ச்சதும் சேசிஸ் நம்பர் எம்பிஎல்னு ஆரம்பிச்சு மொத்தம் 17 எழுத்தும் எண்ணுமா எழும்பி வந்துச்சு.

"பத்தாவது என்ன தம்பி?"

எண்ணிப் பார்த்தேன். ஹெச்.

"அப்ப 2017ல செஞ்சது. பத்தாவது எழுத்துதான் வருசம், 2018ன்னா ஜே இருக்கோணும். நடுவுல ஐ வராது. ஐ, ஓ, க்யூ மூணும் இந்த நம்பர்லயே கிடையாது, ஒண்ணோடயும் சைபரோடயும் குழம்பிப் போயிரும்."

கார்டை முழுசாப் பார்த்தா உற்பத்தி 12/2017, பதிவு 3/2018. கன்சல்டிங்காரர் பொய் சொல்லலை, விரலைத்தான் இடம் பார்த்து வெச்சிருக்கார். 3,000 குறைச்சார், எடுத்துட்டேன்.

கோபிக்காரன்:
எனக்கு வேற கூத்துங்க. தேய்ச்ச தாளில் பி, ஆர்சியில் 8. திருட்டு வண்டியோன்னு அன்னிக்கு ராத்திரி தூக்கமே இல்லை. ஆர்டிஓ ஆபீசில் விசாரிச்சா பதிவு ஏத்தினப்ப நடந்த எழுத்துப்பிழை. "உங்க பேரிலேயே திருத்திக் கொண்டாங்க, அப்புறமேல் பேர் மாத்துற 29, 30 படிவத்தில் கையெழுத்துப் போடலாம்"னு ஓனர்கிட்ட கறாரா சொல்லிட்டேன். அதுக்குள்ள, வண்டி நம்பரையும் சேசிஸ் கடைசி 5 எண்ணையும் அரசாங்கத்தோட பரிவாகன் தளத்தில் போட்டுப் பார்த்தா ஃபைனான்ஸ் பேர் இன்னும் நிக்குது! கடன் கட்டி முடிச்ச மனுசன் ஹெச்பி (ஆர்சியில் இருக்கிற கடன் பதிவு) கேன்சல் பண்ணவே இல்லை. ஃபைனான்ஸில் என்ஓசி (ஆட்சேபணை இல்லைன்னு கடிதம்) வாங்கி, 35ஆம் படிவம் கொடுத்து, எல்லாம் முடிய ரெண்டு மாசம். அதுவரைக்கும் பத்து பைசா அட்வான்ஸ் தரலை.

பொள்ளாச்சிக்காரன்:
நான் பார்த்த வண்டி பூராவும் வெயிலில் வெளுத்த பெயிண்ட், கழுத்தில் மட்டும் பளபளன்னு கறுப்பு. நடுவில் நாலு எண் மத்ததைவிட ஆழமா, கொஞ்சம் சாஞ்சு இருந்துச்சு. "கீழ விழுந்துச்சுங்க, டச்சப் பண்ணினோம்"ன்னார். விழுந்த வண்டிக்குக் கழுத்தில் மட்டுமா அடிபடும்? நம்பரையே மாத்திக் குத்தியிருப்பாங்களோன்னு சந்தேகம். "ஊட்டுல ஒரு வார்த்தை கேட்டுப்போட்டு வர்றனுங்க"ன்னு சொல்லிட்டு ஆனைமலை பஸ்ஸில் ஏறிட்டேன்.