லைனில் திடீரென்று பேச்சைக் குறைத்துக்கொண்ட டெய்லரை எப்படி அணுகுவது?

கேள்வி: லைன்_பொறுப்பாளர்

திருப்பூரில் ஏற்றுமதிப் பின்னலாடை நிறுவனம் ஒன்றில் தையல் லைன் சூப்பர்வைசராக இருக்கிறேன். ஒடிசாவிலிருந்து வந்த ஓவர்லாக் (துணியின் ஓரம் பிரியாமல் தைக்கும் மிஷின்) டெய்லர் ஒருவர், கைத்திறன் மிக்கவர், சில வாரங்களாக யாரிடமும் பேசுவதில்லை. அவர் தைக்கும் பீஸ்களில் ஆல்டரேஷனும் (குறை கண்டு திருத்தத் திரும்பி வருவதும்) கூடிவருகிறது. உணர்வுசார் நுண்ணறிவு குறித்து நிர்வாகம் வகுப்பு நடத்தியது. ஆனால் ஷிப்மென்ட் நெருங்கி, மணிக்கொரு முறை மேலிருந்து கணக்குக் கேட்கும் வேளையில் அதை எப்படிக் கடைப்பிடிப்பது என்று யாரும் விளக்கவில்லை. அவரிடம் நேரடியாகக் கேட்கலாமா, அது சொந்த விஷயத்தில் தலையிடுவதாகிவிடுமா?

பதில்: மனிதவளம்_கோவை

கேட்கலாம், ஆனால் லைனில் எல்லோர் முன்னிலையிலும் வேண்டாம். சலோவே, மேயர் என்ற உளவியலாளர்கள் 1990இல் உணர்வுசார் நுண்ணறிவை வரையறுத்தபோது, பிறர் உணர்வை அறிவதோடு தன் உணர்வை அறிவதையும் சேர்த்தே சொன்னார்கள். வகுப்புகளில் பெரும்பாலும் இந்தப் பகுதிதான் விடுபடுகிறது. மேலாளரிடம் திட்டு வாங்கிய கையோடு அவருடைய மிஷினுக்குப் போனால், நீங்கள் எவ்வளவு மென்மையாகப் பேசினாலும் அது விசாரணையாகவே அவர் காதில் விழும். தேநீர் இடைவேளையில், "தோள் இணைப்பில் தையல் விலகுகிறதே, மிஷினில் கோளாறா?" என்று கண்ணில் பட்டதிலிருந்து தொடங்குங்கள். விரும்பினால் அவரே மேலே பேசுவார். விரும்பாவிட்டால் மிஷினைப் பற்றி மட்டும் பேசிவிட்டு மரியாதையோடு விலகிக்கொள்ளவும் அவருக்கு இடமிருக்கும். மொழிபெயர்க்க ஆள் தேவைப்பட்டால், அவரோடு ஒரே அறையில் தங்கியிருப்பவரைத் தவிர்த்துவிடுங்கள்.

பதில்: தரக்கட்டுப்பாடு

ஆல்டரேஷன் கூடுவதை மட்டும் வைத்து அவரை எடைபோட வேண்டாம். ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் 1996இல் வெளியிட்ட மருத்துவமனை ஆய்வில், செவிலியர்கள் மருந்துப் பிழைகளைப் பற்றி அச்சமின்றிப் பேச முடிந்த பிரிவுகளில்தான் பதிவான பிழைகள் அதிகமாக இருந்தன. அங்கே பிழைகள் மறைக்கப்படவில்லை என்பதே அதற்கு அவர் கண்ட விளக்கம். திட்டுக்கு அஞ்சும் லைனில் கெட்ட பீஸ் கட்டுக்கு அடியில் போய்விடும், கடைசிச் சோதனையில்தான் அகப்படும்.

பதில்: பழைய_தொழிற்சங்கம்

எனக்கு இதில் ஐயம் உண்டு. விமானப் பணிப்பெண்கள் புன்னகையையும் வேலையின் பகுதியாகச் சுமப்பதை சமூகவியலாளர் ஆர்லி ஹாக்‌ஷீல்ட் 1983இலேயே எழுதிவிட்டார். கனிவாகப் பேசி, அதே இலக்கை அதே ஆளிடம் வாங்குவதுதான் நோக்கம் என்றால், அந்தக் கனிவு தொழிலாளிக்கு இன்னொரு சுமை. விடுப்போ ஓய்வோ வாங்கித்தர உங்களுக்கு அதிகாரம் உண்டா என்பதை முதலில் பாருங்கள், ஐயா.

லைன்_பொறுப்பாளர்

விடுப்பு என் கையில் இல்லை. சில நாள்களுக்கு எளிய ஆபரேஷனுக்கு (தையல் வேலைக்கு) மாற்ற மட்டும் என்னால் முடியும்.

மனிதவளம்_கோவை

அவர் பீஸ் ரேட்டில் (தைத்த பீஸ் எண்ணிக்கைக்கேற்ற கூலியில்) இருந்தால், மாற்றுவதற்கு முன்பே அவரிடம் சொல்லி, கூலி குறையாமல் இருக்க ஒப்புதல் வாங்கிவிடுங்கள். சொல்லாமல் மாற்றினால் தண்டனை என்றே எடுத்துக்கொள்வார்.