அடிதடி வழக்கில் தம்பி பெயர்: அடுத்து என்ன நடக்கும்?

வரப்புக்காரன்:
வணக்கம். தஞ்சாவூர் பக்கம் எங்கள் ஊர். போன ஞாயிறு மடை திறப்பதில் பக்கத்து வயல்காரருக்கும் என் தம்பிக்கும் வாய்த்தகராறு முற்றி, இவன் ஓங்கிக் குத்தியதில் அவருக்கு முன்பல் ஒன்று விழுந்துவிட்டது. அவரும் மண்வெட்டிக் காம்பால் போட்டதில் இவனுக்குத் தோள் வீங்கிக் கிடக்கிறது. அவர் நேரே ஜி.எச். போய் அட்மிட் ஆகிவிட்டார். இவன் மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டு வீட்டிலேயே படுத்துவிட்டான். இப்போது பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா, புதிய தண்டனைச் சட்டம்) 296(பி), 115(2), அதாவது கெட்ட வார்த்தை, காயப்படுத்தியது என்று எஃப்.ஐ.ஆர். ஆகியிருக்கிறது. ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டதும் போனை அணைத்துவிட்டுத் திருப்பூரில் மாமா வீட்டுக்கு ஓடிவிட்டான். உள்ளே வைத்துவிடுவார்களா? போலீஸ் தேர்வுக்கு வேறு படிக்கிறான். அம்மா சரியாகச் சாப்பிடுவதே இல்லை.

மலைக்கோட்டை:
உடனே முன்ஜாமீன் போடுங்கள் அண்ணே. எங்கள் சித்தப்பா கேஸில் அதைத்தான் செய்தோம்.

கறுப்பு அங்கி:
அவசரப்பட்டுக் காசைக் கொட்டாதீர்கள். இப்போது இருக்கும் இரண்டு பிரிவுகளும் ஜாமீனில் விடக்கூடியவை. அவற்றுக்கு முன்ஜாமீன் மனுவே நிற்காது.

ஆனால் இது இத்தோடு நிற்காது. பல் விழுந்தால் சட்டத்தின் கண்ணில் அது கொடுங்காயம். காயச் சான்றிதழ் வந்ததும் 117(2) என்று பிரிவை மாற்றுவார்கள். தண்டனை 7 ஆண்டு வரை. கேட்டாலே தலை சுற்றும். ஆனால் அதுவும் ஜாமீனில் விடக்கூடிய பிரிவுதான். வேடிக்கை என்னவென்றால், ஆயுதத்தால் காயம் என்ற 118(1)-க்கு 3 ஆண்டுதான், அதற்கு ஜாமீன் தானாகக் கிடைக்காது. கொடுங்காயமும் ஆயுதமும் சேர்ந்தால் 118(2), இன்னும் மோசம். அதனால் ஏ.ஆர். காப்பியில் (ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு நகல்) டாக்டர் என்ன எழுதியிருக்கிறார் என்பதுதான் எல்லாம். 'தெரிந்த ஒரு நபர் கையால் குத்தியதாக' என்று இருந்தால் பிழைத்தீர்கள். 'கட்டையால்' என்று இருந்தால் அப்போது முன்ஜாமீன் பற்றிப் பேசலாம்.

முதல் வேலை, தம்பியைத் திருப்பூரிலிருந்து வரச் சொல்லுங்கள். 7 ஆண்டு வரை தண்டனையுள்ள குற்றங்களில் சும்மா கைது செய்யக்கூடாது என்று 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்ற நடைமுறைச் சட்டம்) 35(3)-இன்படி, விசாரணைக்கு வரச்சொல்லி நோட்டீஸ் கொடுத்து விசாரிப்பார்கள். நோட்டீஸை மதித்துப் போகிறவனைக் கைது செய்ய வேண்டுமானால் காரணம் எழுத வேண்டும். போகாதவனுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. போனை அணைத்தால் கேஸ் அணைந்துவிடாது.

வரப்புக்காரன்:
இவனும்தானே அடி வாங்கினான்? அதற்கு ஒன்றும் இல்லையா?

கறுப்பு அங்கி:
உண்டு. இன்றே ஜி.எச். போகட்டும். எந்தத் தேதியில் அடிபட்டது, ஏன் தாமதம் என்று டாக்டரிடம் உள்ளதைச் சொல்லி ஏ.ஆர். போடச் சொல்லுங்கள். ஸ்டேஷனில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது (புகார் வாங்கியதற்கான அத்தாட்சி) வாங்குங்கள். இதற்குக் கவுண்டர் கேஸ் என்று பெயர். இரண்டையும் ஒரே அதிகாரி சேர்த்து விசாரிக்க வேண்டும் என்று தமிழ்நாடு போலீஸ் நிலையாணை 588ஏ சொல்கிறது. ஆனால் வீக்கத்தை எலும்பு முறிவு என்று ஊதவேண்டாம், எக்ஸ்ரே காட்டிக்கொடுத்துவிடும்.

ஆயா_மகள்:
ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசி முடித்தால் கேஸ் போய்விடாதா?

கறுப்பு அங்கி:
பாதிதான் போகும். 115(2)-ஐ அடிபட்டவரே விட்டுக்கொடுக்கலாம். 117(2)-க்கு மாஜிஸ்திரேட் அனுமதி வேண்டும். 296(பி) இருக்கிறதே, கெட்ட வார்த்தை பேசியதாகப் போடுவது, அதைச் சமாதானத்தால் கலைக்க முடியாது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் பி.என்.எஸ்.எஸ். 528-இன்படி மனு போட்டு ரத்து வாங்க வேண்டும். பல்லை விட்டுக்கொடுத்தாலும் வசவை விட்டுக்கொடுக்க முடியாது! பணம் கொடுத்தால் சமாதான மனுவில் கையெழுத்து வாங்கிக்கொண்டே கொடுங்கள்.

தேர்வு விண்ணப்பத்தில் 'வழக்கு உண்டா' என்ற இடத்தில் இல்லை என்று மட்டும் எழுதிவிட வேண்டாம். கேஸைவிட மறைத்ததுதான் பலருக்கு வேலையைக் கெடுத்திருக்கிறது.

வரப்புக்காரன்:
நன்றி சார். தம்பி இன்று காலை பஸ்ஸில் வந்துவிட்டான். தோளுக்கு எக்ஸ்ரே எடுத்தாயிற்று, எலும்பு முறியவில்லை. வியாழன் காலை 10 மணிக்கு வரச்சொல்லி நோட்டீஸும் கொடுத்துவிட்டார்கள். என்ன கொண்டு போக வேண்டும்?

கறுப்பு அங்கி:
ஆதார் நகல், நோட்டீஸ், கூட ஒரு வக்கீல். ஜாமீன் கையெழுத்துப் போட உள்ளூர்க்காரர் இரண்டு பேரை வீட்டு வரி ரசீதோடு தயாராக வையுங்கள். வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் சட்ட உதவிக்கு 15100-இல் கூப்பிடுங்கள். உள்ளே போகும்போது தம்பியைக் கோபத்தை வெளியே வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள், அங்கே எதிராளியும் உட்கார்ந்திருக்கலாம்.