அமெரிக்க இலக்கியம்: ஃபிலிஸ் வீட்லியை எங்கே வைப்பது?

நண்பர்களுக்கு வணக்கம். எம்.ஏ. வகுப்புக் கருத்தரங்குக்காகத் தொடக்க கால அமெரிக்க இலக்கியத்தைத் தொகுத்துக்கொண்டிருக்கிறேன். பியூரிட்டன்கள் (கண்டிப்பான சமய ஒழுக்கம் பேணிய புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்கள்), பகுத்தறிவை முன்னிறுத்திய அறிவொளிக் காலம், அப்புறம் 1836இல் எமர்சனின் ‘நேச்சர்’ நூல் வந்த பிறகான ஆழ்நிலைவாதம் (இயற்கையிலும் உள்ளுணர்விலும் உண்மையைத் தேடிய இயக்கம்) என்று மூன்று பெட்டி போட்டாகிவிட்டது. பிராங்க்ளின், தாமஸ் பெயின் எல்லாம் சிக்கலில்லை.

இடிப்பது கவிஞர் ஃபிலிஸ் வீட்லி. ஆப்பிரிக்காவிலிருந்து சிறுமியாகப் பிடித்துவரப்பட்டு, 1761இல் பாஸ்டனில் விற்கப்பட்டவர். 1773இல் லண்டனில் அச்சான அவருடைய தொகுப்பில் இரங்கற்பாக்கள் நிறைய. பக்தி பியூரிட்டன் பக்தி. இரண்டிரண்டு அடியாக எதுகை இயையும் ஈரடி நடையோ ஆங்கிலக் கவிஞர் அலெக்சாண்டர் போப் வழி. ஆனால் பிரிட்டிஷ் அமைச்சர் டார்ட்மவுத் பிரபுவுக்கு எழுதிய கவிதையில், தகப்பனிடமிருந்து தான் பறிக்கப்பட்டதைச் சொல்லி, விடுதலை மீதான தன் பற்று அங்கிருந்துதான் வந்தது என்கிறார். அந்த இடம் எந்தப் பெட்டியிலும் அடங்க மாட்டேன் என்கிறது.

பியூரிட்டன் கவிஞர் எட்வர்ட் டெய்லரும் தலைவலிதான்: இறந்தது 1729இல், கவிதைகளின் கையெழுத்துப் பிரதி வெளிச்சத்துக்கு வந்தது 1937இல். எழுதிய காலத்தில் வைப்பதா, படிக்கப்பட்ட காலத்திலா?

இதைப் பாடம் நடத்தியவர்கள் யாராவது இருந்தால் வழி சொல்லுங்கள். அடிமைகளின் தன்வரலாறுகளுக்குத் தனிப் பிரிவு போட்டு, வீட்லியை அதன் தொடக்கத்தில் வைக்கலாமா? இலவசமாகக் கிடைக்கும் நல்ல தொகுப்பு தெரிந்தாலும் சொல்லுங்கள்.