துரை பங்களா கிண்ணம்: கட் கிளாஸா, அச்சில் அழுத்தியதா?

லயத்து வீடு (வண்டிப்பெரியாறு):
வணக்கம். எங்கள் அப்பத்தா எஸ்டேட்டில் துரை பங்களா சமையற்கட்டில் கூடமாட நின்றவர். துரை ஊருக்குக் கிளம்பும்போது வேலை செய்தவர்களுக்கு ஆளுக்கொரு சாமான் கொடுத்தாராம். அப்பத்தா பங்குக்கு வந்தது ஒரு கண்ணாடிக் கிண்ணம். அன்று முதல் எங்கள் லயத்தில் (எஸ்டேட் தொழிலாளர் வரிசை வீடு) அதில்தான் கல் உப்பு.

ஒரு சாண் அகலம், நல்ல கனம். எலுமிச்சை மஞ்சள் நிறம். வாய் விளிம்பில் மட்டும் அரிசி களைந்த தண்ணீர் மாதிரி வெள்ளை. உப்பு பூத்துப் போனது என்று நினைக்கிறேன். பொங்கலுக்குப் பொங்கல் அப்பத்தா புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ப்பார். போகவே போகாது. உள்ளே அடியில் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் ஆர், டி, அப்புறம் ஓர் எண். 237 வரை தெரிகிறது, மிச்சம் மங்கல்.

குமுளியில் டூரிஸ்டுகளுக்குப் பழைய சாமான் விற்கும் ஒருவர் கட் கிளாஸ் என்று சொல்லி 3000 ரூபாய்க்குக் கேட்கிறார். என் மகனோ, இந்த மஞ்சளில் யுரேனியம் இருக்கும், தூக்கிப் போடு என்கிறான். யாரை நம்புவது? அந்த வெள்ளையை எடுக்க என்ன வழி?

கட்டப்பனை ஆக்கிரி:
அக்கா, கண்ணாடிக்கு எங்கள் ஆக்கிரிக் கடையில் (பழைய சாமான் எடைக்கு வாங்கும் கடை) எடைக்குத்தான் காசு, அதுவும் சொற்பம். 3000 கேட்கிறார் என்றால் யோசிக்காமல் கொடுங்கள். நாளைக்குக் கை தவறினால் கூட்டி அள்ள வேண்டியதுதான்.

கம்பம்மெட்டு ஜீப்:
அக்கா, கொடுத்துவிடாதீர்கள். முதலில் தேய்ப்பதை நிறுத்துங்கள்.

நான் இருபது வருடம் ஏலக்காட்டுக்கு ஆள் ஏற்றி இறக்கியவன். திரும்பி வரும்போது வண்டி காலி. வழியில் இருக்கிற ஆக்கிரிக் கடையில் எல்லாம் நிறுத்தி உடைசல் குவியலைக் கிளறுவேன். வீட்டில் இப்போது நூற்றுச் சொச்சம் உருப்படி. மனைவி கணக்கில் அத்தனையும் குப்பை.

கட் கிளாஸா, அதாவது பூவேலையைச் சாணையில் வெட்டிச் செதுக்கியதா என்று தெரிந்துகொள்ள விரல் போதும். வெளிப்பக்கம் மேலிருந்து கீழாக நகத்தை மெதுவாக ஓட்டுங்கள். அச்சில் செய்ததென்றால் எங்காவது மயிரிழை மாதிரி ஒரு கோடு தட்டும். இரும்பு அச்சின் பாகங்கள் ஒன்றோடொன்று சேரும் இடம் அது. உருகிய கண்ணாடியை அச்சுக்குள் விட்டு மேலிருந்து ஓர் உலக்கையால் அழுத்துவார்கள். அமெரிக்காவில் 1820-களில் பரவிய வேலை. பிறகு இங்கிலாந்திலும் பெரிய தொழிலானது. கட் கிளாஸில் பூவேலையின் முனை விரலை வெட்டுகிற மாதிரி இருக்கும். அச்சில் வந்தது நாலு நாள் குளித்த சோப்பு மாதிரி மழுங்கியிருக்கும். உள்ளேயும் தடவிப் பாருங்கள். வெளியே பூ புடைத்திருந்தாலும் உள்ளே வழவழவென்றால் உலக்கை போன தடம். வெளியே புடைத்த இடத்தில் உள்ளே குழி விழுந்தால் அது அச்சுக்குள் ஊதியது, வேறு சாதி.

இப்போது அந்த ஆர், டி எண். இங்கிலாந்தில் ஒரு வடிவத்தைப் பதிவு செய்தால் கிடைக்கும் எண் அது. 1884-ல் ஒன்றிலிருந்து ஆரம்பித்தார்கள். 1894 தொடக்கத்தில் இரண்டேகால் லட்சத்தைத் தொட்டிருந்தது, மறு வருடத் தொடக்கத்தில் இரண்டரை லட்சத்துக்குக் கொஞ்சம் கீழே. உங்களுடையது ஆறு இலக்கம் என்றால் 2,37,000-க்கு மேலே, ஆக 1894. ஆனால் அது வடிவம் பதிவான வருடம். அச்சு தேயும்வரை அதே எண்ணோடு பல வருடம் அடித்திருப்பார்கள். கிண்ணம் 1894-ல் பிறந்தது என்று யாரிடமும் சத்தியம் செய்யாதீர்கள்.

அப்புறம் அந்த வெள்ளை. அக்கா, அது உப்பும் இல்லை அழுக்கும் இல்லை. கிண்ணத்தின் அழகே அதுதான். இங்கிலாந்தில் நியூகாசிலுக்கு எதிர்க்கரையில் கேட்ஸ்ஹெட் என்று ஓர் ஊர். அங்கே ஜார்ஜ் டேவிட்சன் கம்பெனி 1889-ல் காப்புரிமை வாங்கிய வகை, பேர்லைன் என்று பெயர். அழுத்தி எடுத்த சாமானைச் சற்று ஆறவிட்டு, விளிம்பை மட்டும் மறுபடி உலை வாயில் காட்டுவார்கள். சூடு பட்ட இடம் பால் வெள்ளையாகும், மற்ற இடம் தெளிவாகவே நிற்கும். நீலத்திலும் வந்தது, எலுமிச்சை மஞ்சளிலும் வந்தது. நீங்கள் சொல்கிற நிறம், விளிம்பு, எண் மூன்றும் அதோடு பொருந்துகின்றன. அதைக் கட் கிளாஸ் என்கிற கடைக்காரருக்குத் தான் என்ன கேட்கிறோம் என்றே தெரியவில்லை. அவர் சொல்லும் 3000 எப்படி விலையாகும்?

உங்கள் மகன் சொன்னது பொய்யில்லை. அந்த மஞ்சளைக் கொண்டுவந்தது யுரேனியம்தான். அந்தக் காலத்தில் கண்ணாடிக்கு நிறம் கொடுக்கச் சாதாரணமாகச் சேர்த்தார்கள். கள்ளநோட்டு பார்க்கும் ஊதா டார்ச்சை இருட்டில் அடியுங்கள், கிண்ணம் முழுக்கப் பச்சையாக எரியும். மாங்கனீசு சேர்த்த கண்ணாடியும் லேசாகப் பச்சை காட்டும், அது மின்மினி மாதிரி மங்கல். ஒரு தடவை பார்த்தால் வித்தியாசம் மறக்காது. அலமாரியில் வைக்கப் பயம் வேண்டாம். ஆனால் உப்பு, ஊறுகாய், மோர் என்று தின்கிற எதையும் இனி அதில் வைக்காதீர்கள்.

சூடும் ஆகாது. நான் அனுபவித்தவன். மார்கழிக் காலையில், மெட்டுக் குளிரில், ஒரு நல்ல கண்ணாடித் தாம்பாளத்தில் அடுப்பிலிருந்து இறக்கிய பாயசத்தை ஊற்றினேன். கண்ணாடி தடியாக இருந்தால் உள்பக்கம் சூட்டில் விரியும்போது வெளிப்பக்கம் சில்லென்றே இருக்கும். "டிக்" என்று ஒரே சத்தம், இரண்டு துண்டு. பாயசம் பூனைக்கு. அந்தத் துண்டுகளை இன்னும் எறியவில்லை.

புளியரைக்காரன்:
அண்ணே, நடுவில் ஒரு கேள்வி. எங்கள் கடையில் தாத்தா காலத்து டம்ளர் நாலு உண்டு. ஆரஞ்சு நிறம், வெயிலில் பிடித்தால் தண்ணீரில் மிதக்கும் பெட்ரோல் மாதிரி பல நிறம் அடிக்கும். அதுவும் இங்கிலாந்துதானா?

கம்பம்மெட்டு ஜீப்:
தம்பி, அடியைப் பாருங்கள், ஜெயின் என்று ஆங்கிலத்தில் இருக்கிறதா? இருந்தால் நம் நாட்டுச் சரக்கு, ஃபிரோசாபாத். வளையல் ஊர் என்றுதான் எல்லோருக்கும் தெரியும், இந்த வேலையும் அங்கே நடந்தது. சூடாக இருக்கும்போதே உலோக உப்புக் கரைசலைத் தெளித்தால் அந்த மினுமினுப்பு வரும். கார்னிவல் கிளாஸ் என்பார்கள். மேல்பூச்சு மட்டுமே என்பதால் கம்பி நாரைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள். வெளிநாட்டில் ஃபிரோசாபாத் சரக்குக்கென்றே சேகரிப்பவர்கள் இருக்கிறார்கள். நாம்தான் அதில் சுக்குக் காப்பி ஆற்றிக்கொண்டிருக்கிறோம்.

லயத்து வீடு:
அண்ணே, நேற்று ராத்திரி கரண்ட் போன நேரம் பார்த்து மகன் பலசரக்குக் கடையில் டார்ச் வாங்கி வந்து அடித்தான். சமையற்கட்டே பச்சை. பக்கத்து லயத்துப் பிள்ளைகள் எல்லாம் வந்து எட்டிப் பார்த்தார்கள். நகத்துக்குக் கோடும் தட்டியது, மூன்று இடத்தில்.

அப்பத்தாவிடம் விளிம்பு விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "அப்ப அந்தத் துரைசானி சும்மாவா பார்த்துக்கிட்டு இருந்தா? பங்களாவில நான் தேய்க்கத் தேய்க்கச் சிரிச்சிக்கிட்டே நிப்பாளே" என்றார். குமுளிக்காரருக்கு இல்லை என்று சொல்லிவிட்டோம். உப்பு இப்போது ஹார்லிக்ஸ் பாட்டிலில்.